அடுக்கெண்களின் வாலும் தலையும்

போட்டித் தேர்வு வினாத்தாள்களில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி ஒன்று உண்டு: 7²⁰²³ என்ற எண்ணின் ஒன்றாம் இலக்கம் என்ன? பாளையங்கோட்டையில் என்னிடம் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் பேனாவை எடுக்காமலேயே 3 என்று சொல்லிவிடுவார்கள். 2023-ஐ நான்கால் வகுத்தால் மீதி 3, ஏழின் மூன்றாம் அடுக்கு 343, ஆகவே 3. விடை சரி. ஏன் நான்கால் வகுக்கிறோம், ஐந்தால் வகுத்தால் என்ன என்று அடுத்ததைக் கேட்டால் மின்விசிறிச் சத்தம்தான் பதிலாக வரும். பிள்ளைகள் மேல் குற்றமில்லை. கையேடுகள் சூத்திரத்தை அச்சடித்ததோடு நின்றுவிடுகின்றன. இத்தனைக்கும் காரணம் மிக எளியது. பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கே விளங்கக்கூடியது.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். 7³ என்றால் 7 × 7 × 7. பெரிதாக எழுதியிருக்கும் 7 அடிமானம். தோள்மேல் சிறிதாக உட்கார்ந்திருக்கும் 3 அடுக்கு. ஓர் எண்ணை எடுத்து, அதையே திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டே போனால் கிடைக்கும் வரிசைதான் அதன் அடுத்தடுத்த அடுக்குகள். ஏழுக்கு எழுதிப் பார்த்தால்:

7, 49, 343, 2401, 16807, 117649, 823543, 5764801…

எண்கள் மளமளவென்று வளர்கின்றன. 7²⁰²³-ஐ எழுதி முடிக்க 1710 இலக்கங்கள் வேண்டும். ஆனால் ஒவ்வோர் எண்ணின் கடைசி இலக்கத்தை மட்டும் வாசித்துக்கொண்டு போங்கள்: 7, 9, 3, 1, 7, 9, 3, 1. எண் எவ்வளவு பெருத்தாலும் வால் இந்த நான்கையே சுற்றிச் சுற்றி வருகிறது.

ஏன் என்று பார்க்க 343-ஐ ஏழால் பெருக்கும் கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள். மும்மூன்று வரியாக எதுவும் வேண்டாம், முதல் அடி போதும். 7 × 3 = 21; ஒன்றைக் கீழே போட்டு, இரண்டை மனதில் வைக்கிறோம். அவ்வளவுதான், ஒன்றாம் இடத்தின் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு அந்த 4-ஐப் பெருக்கினாலும், 3-ஐப் பெருக்கினாலும், மனதில் வைத்த இரண்டைக் கூட்டினாலும், எல்லாம் இடப்பக்கம்தான் நகரும். வலப்பக்கம் திரும்பி வந்து கடைசி இலக்கத்தைத் தொடும் வழி பெருக்கலில் கிடையாது. 343-க்குப் பதிலாக 1710 இலக்க எண் ஒன்று இருந்து அது மூன்றில் முடிந்திருந்தாலும், ஏழால் பெருக்கினால் ஒன்றில்தான் முடியும். முன்னால் இருக்கும் 1709 இலக்கங்களையும் வால் கண்டுகொள்வதே இல்லை.

இதிலிருந்து சுழற்சி தானாகவே வந்துவிடுகிறது. கடைசி இடத்தில் வரக்கூடியவை 0 முதல் 9 வரை பத்தே பத்து இலக்கங்கள். பெருக்கிக்கொண்டே போனால் பதினோராவது அடிக்குள் ஏதோ ஓர் இலக்கம் இரண்டாம் முறை வந்தே தீர வேண்டும். வேறு புது இலக்கத்துக்கு எங்கே போவது? அடுத்த இலக்கத்தைத் தீர்மானிப்பது இப்போதைய கடைசி இலக்கம் மட்டும்தான் என்பதால், ஒரு முறை வந்தது மறுமுறை வந்துவிட்டால் அதன் பின்னால் வந்தவை எல்லாம் அதே ஒழுங்கில் மறுபடி வந்தாக வேண்டும்.

ஆனி மாதத்தில் நெல்லையப்பர் தேர் நிலையிலிருந்து கிளம்பி, நான்கு ரதவீதிகளையும் சுற்றி, மறுபடி நிலைக்கே வருகிறது அல்லவா? ஏழின் வாலும் அப்படித்தான். 7⁰ = 1 என்பதை நிலை என்று வைத்துக்கொண்டால் 7, 9, 3 என்று மூன்று முனைகளைத் தாண்டி மறுபடி 1-க்கு வந்து நிற்கிறது. தேர் மொத்தம் 2023 வீதி ஓடியது என்று யாராவது கதை விட்டால், எத்தனை சுற்று முடிந்தது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். நான்கால் வகுத்த மீதியைப் பார்த்தால் எந்த முனையில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். பயிற்சிக் கையேட்டின் ‘நான்கால் வகு’ என்ற கட்டளைக்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான். அடுக்கு மிகப் பெரியதாக இருந்தாலும் அதன் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் நான்கால் வகுத்தால் போதும், ஏனென்றால் 100 நான்கால் மீதியின்றி வகுபடும்.

மற்ற எண்கள்? 3-க்கு 3, 9, 7, 1. 8-க்கு 8, 4, 2, 6. 2-க்கு 2, 4, 8, 6. நான்குக்கும் ஒன்பதுக்கும் வட்டம் சிறியது: 4, 6 என்றும் 9, 1 என்றும் மாறி மாறி வரும். 0, 1, 5, 6 நான்கும் நின்ற இடத்தை விட்டு அசைவதே இல்லை. அடிமானம் 347 போன்ற பெரிய எண்ணாக இருந்தாலும் அதன் கடைசி இலக்கமான 7-ஐப் பார்த்தால் போதும்; காரணம் மேலே சொன்னதுதான்.

இப்போது கூர்ந்து பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். வட்டத்தின் நீளம் பத்து வரை போகலாம் என்றுதானே நாம் நிரூபித்தோம்? ஆனால் கிடைத்தவை எல்லாம் 1, 2, 4 மட்டும். மூன்று இல்லை, ஐந்து இல்லை, ஏழு இல்லை. வேறு வகையில் சொன்னால், எந்த எண்ணை எடுத்தாலும் அதன் ஐந்தாம் அடுக்கு அந்த எண் முடியும் அதே இலக்கத்தில்தான் முடிகிறது. 2⁵ = 32. 3⁵ = 243. 7⁵ = 16807. 8⁵ = 32768. பத்து இலக்கத்துக்கும் சோதித்துவிட்டால் நிரூபணம் முடிந்ததுதான். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் ஏன் என்ற கேள்வி அப்படியே நிற்கும். இயற்கணிதத்தைக் கண்டு ஒதுங்குகிறவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம். தாண்டாமல் இருந்தால் நல்லது, ஏனென்றால் எனக்குத் தெரிந்த சின்ன நிரூபணங்களில் இது அழகானது.

n என்ற எண்ணும் n⁵ என்ற எண்ணும் ஒரே இலக்கத்தில் முடிகின்றன என்றால் n⁵ − n பூஜ்ஜியத்தில் முடிய வேண்டும். அதாவது பத்தால் வகுபட வேண்டும். n⁵ − n = (n − 1) × n × (n + 1) × (n² + 1). கடைசியில் இருக்கும் n² + 1 என்பதை (n² − 4) + 5 என்று எழுதுங்கள். n² − 4 என்பது (n − 2) × (n + 2). இப்போது மொத்தமும் இரண்டு துண்டாகப் பிரிகிறது. முதல் துண்டு (n − 2), (n − 1), n, (n + 1), (n + 2) ஆகிய ஐந்து அடுத்தடுத்த எண்களின் பெருக்கல். ஐந்து அடுத்தடுத்த எண்களில் ஒன்று ஐந்தின் மடங்காகவும், குறைந்தது இரண்டு இரட்டைப்படையாகவும் இருக்கும். ஆகவே அது பத்தால் வகுபடும். இரண்டாம் துண்டு 5 × (n − 1) × n × (n + 1). அதில் 5 ஏற்கெனவே இருக்கிறது, மூன்று அடுத்தடுத்த எண்களில் ஒன்றாவது இரட்டைப்படை. அதுவும் பத்தால் வகுபடும். நம்பிக்கை வராவிட்டால் n = 7 என்று போட்டுப் பாருங்கள்: 15120 + 1680 = 16800. ஏழைக் கூட்டினால் 16807.

பெர்மா என்ற பிரெஞ்சுக்காரர் 1640-இல் ஒரு கடிதத்தில் இதைவிடப் பொதுவான ஒன்றை எழுதினார். ஐந்துக்குப் பதிலாக எந்தப் பகா எண் p-ஐ எடுத்தாலும் nᵖ − n என்பது அந்தப் பகா எண்ணால் வகுபடும் என்பது அது. தொழிலால் அவர் சட்டம் படித்தவர். கணிதம் ஓய்வு நேர வேலை. நிரூபணத்தைக் கடிதத்தில் எழுதாமல் விட்டுவிட்டார். அதை அச்சில் கொடுக்க ஆய்லர் என்ற கணித மேதை வர வேண்டியிருந்தது, ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து. இன்று நம் பத்தாம் வகுப்புப் பாடநூலில் மட்டு எண்கணிதம் என்ற பெயரில் வருவது இந்தக் குடும்பத்துப் பாடம்தான்.

ஓர் எச்சரிக்கை. 2²⁰²⁴ எந்த இலக்கத்தில் முடியும் என்று கேட்டால், நான்கால் வகுத்த மீதி 0, 2⁰ = 1, ஆகவே விடை 1 என்று எழுதுகிறவர்கள் உண்டு. இரண்டை எத்தனை முறை பெருக்கினாலும் ஒற்றைப்படை எண் வராது என்பதை ஒரு கணம் நினைத்திருந்தால் அந்த விடையைத் தாளில் எழுதக் கை வந்திருக்காது. ஏழுக்கும் மூன்றுக்கும் 1 வட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. இரண்டுக்கு அது வட்டத்துக்கு வெளியே நிற்கிறது. 1-இலிருந்து கிளம்பினால் 2, 4, 8, 6 என்ற வட்டத்துக்குள் நுழையலாம், திரும்பி வர முடியாது. ஆக, மீதி 0 வந்தால் வட்டத்தின் நான்காவது இலக்கத்தை எடுக்க வேண்டும்: 6.

இரண்டின் அடுக்குகளைப் பற்றிச் சொல்லும்போது இந்த மண்ணின் அளவைகளைச் சொல்லாமல் போகக் கூடாது. திருநெல்வேலி டவுன் ரதவீதிப் பக்கம் பழைய பாத்திரக் கடைகளில் இரும்பு அளவைகள் இன்னும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்கலாம். படிக்குள் உரி, உரிக்குள் உழக்கு, உழக்குக்குள் ஆழாக்கு. “அண்ணாச்சி, உழக்கு மட்டும் தனியாகத் தருவீர்களா?” என்று கேட்டால், செட்டைக் கலைக்க மனமில்லாமல் கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார். ஆழாக்கில் இரண்டு தடவை தலைதட்டி அளந்து கொட்டினால் உழக்கு நிரம்பும். இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. நாழியைத்தான் படி என்கிறோம். எட்டு நாழி ஒரு குறுணி, அதாவது மரக்கால். இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி. எல்லாவற்றையும் ஆழாக்கில் எண்ணினால் 1, 2, 4, 8, பிறகு ஒரு தாவலில் 64, அடுத்து 128, 256. அத்தனையும் இரண்டின் அடுக்குகள். அதற்கு மேல் வரும் கலம் காரியத்தைக் கெடுத்துவிடுகிறது: மூன்று தூணி ஒரு கலம், ஆக 768 ஆழாக்கு. எங்கள் பக்கத்தில் 21 மரக்கால் சேர்ந்தால் கோட்டை என்ற அளவு; அதுவும் இந்த இரட்டிப்பு வரிசையில் சேராது. சிறிய அளவில் பாதி பாதியாகப் பிரிப்பதுதான் கைக்கு வசதி. களத்துமேட்டில் கணக்கே வேறு போலிருக்கிறது.

இனி இரண்டு இலக்கத்தை ஒன்றாகப் பார்ப்போம். ஒன்றாம் இடத்துக்குச் சொன்ன வாதம் கடைசி இரண்டு இடங்களுக்கும் அப்படியே செல்லும்: முன்னால் இருப்பவை பின்னால் இருப்பவற்றைத் தொட முடியாது. சாத்தியங்கள் நூறு என்பதால் இங்கேயும் சுழற்சி உறுதி. ஏழுக்கு இது வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது: 07, 49, 43, 01. நான்கே அடிகள். 49 என்பது 50 − 1; அதன் வர்க்கம் 2500 − 100 + 1 = 2401. அந்த 01 வந்ததுமே வட்டம் மூடிக்கொண்டது. எனவே தொடக்கத்தில் கேட்ட 7²⁰²³-க்கு இன்னும் ஓர் இலக்கம் இலவசமாகக் கிடைக்கிறது: அது 43-இல் முடியும்.

இரண்டுக்கு அப்படி இல்லை. வட்டத்தின் நீளம் இருபது:

04, 08, 16, 32, 64, 28, 56, 12, 24, 48,
96, 92, 84, 68, 36, 72, 44, 88, 76, 52

52-ஐ இரட்டித்தால் 104, மறுபடி 04. இதை இரண்டு வரியாக எழுதியது இடம் போதாமல் அல்ல. மேல் வரியில் ஒவ்வொன்றையும் அதற்கு நேர் கீழே இருப்பதோடு கூட்டிப் பாருங்கள். 04 + 96. 08 + 92. 16 + 84. 32 + 68. பத்து ஜோடியும் நூறு நூறாக வந்து நிற்கும். என் வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதினால் அதுவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகூடத் திரும்பிப் பார்க்கும்.

காரணத்தைத் தேடுவோம். கீழ் வரியில் இருப்பது மேல் வரியை விடப் பத்து அடுக்கு கூடியது, அதாவது 2¹⁰ = 1024 மடங்கு. ஓர் அடுக்கையும் அதற்குப் பத்து இடம் தள்ளி வருவதையும் கூட்டினால், முதலாவதின் 1025 மடங்கு கிடைக்கும். 1025 என்பது 25 × 41. மேல் வரியில் இருக்கும் எல்லா எண்களும் 4-இன் மடங்குகள், ஏனென்றால் நாம் 2²-இலிருந்து தொடங்கியிருக்கிறோம். நான்கும் இருபத்தைந்தும் சேர்ந்தால் நூறு. 4 + 4096 = 4100, 8 + 8192 = 8200 என்று எழுதிப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். 2 மட்டும் ஏன் வட்டத்துக்கு வெளியே நின்றது என்பதும் இதிலேயே விளங்கிவிடுகிறது: அதில் ஒரு 2 குறைகிறது; 2 + 2048 = 2050.

நூற்றில் அசையாத எண்கள் உண்டா என்று கேட்டால், உண்டு. 00, 01 இரண்டும் எதிர்பார்த்தவை. எதிர்பாராதவை 25, 76. 25 × 25 = 625; 76 × 76 = 5776. இவற்றில் முடியும் எந்த எண்ணையும் எத்தனை முறை தன்னாலேயே பெருக்கினாலும் வால் மாறாது. இரண்டையும் கூட்டினால் 101. மூன்று இலக்கத்துக்குப் போனால் 625, 376; கூட்டினால் 1001. நான்கு இலக்கத்தில் 0625, 9376, கூட்டினால் 10001. 2¹⁰⁰ என்பது 376-இல் முடிகிறது, 2¹⁰⁰⁰ என்பதும் 376-இல் முடிகிறது என்பதில் இனி உங்களுக்கு ஆச்சரியம் இருக்காது. ஐந்தின் அடுக்குகள் 25-இல் சிக்கிக்கொள்வதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வால் என்றால் பத்தால் வகுத்த மீதி, நூறால் வகுத்த மீதி. வேறு எண்ணால் வகுத்த மீதியும் இப்படியே சுழலும். ஒன்பதால் வகுத்தால் இரண்டின் அடுக்குகள் 2, 4, 8, 7, 5, 1 என்று ஆறு அடியில் சுற்றும். இலக்கங்களைக் கூட்டிக் கூட்டி ஓரிலக்கமாக்கினாலும் இதே வரிசை வரும். ஏழால் வகுத்தால் 2, 4, 1 என்று மூன்றே அடி. ஏழு என்றதும் கிழமை நினைவுக்கு வர வேண்டும். இன்று வெள்ளிக்கிழமை என்றால் 2¹⁰⁰ நாள் கழித்து என்ன கிழமை? 100-ஐ மூன்றால் வகுத்த மீதி 1. ஆகவே 2¹⁰⁰-ஐ ஏழால் வகுத்த மீதி 2. வெள்ளிக்கு இரண்டு நாள் கழித்து ஞாயிறு. 2¹⁰⁰ என்பது 31 இலக்க எண். அத்தனை நாள் சூரியன் இருக்கப் போவதில்லை, கிழமையை மட்டும் நாம் அடித்துச் சொல்லிவிடலாம்.

இது வரைக்கும் வால். தலையைப் பார்த்தால் கதை வேறு.

இரண்டின் அடுக்குகளை 1-இலிருந்து தொடங்கி முதல் இலக்கத்தை மட்டும் எழுதுங்கள்: 1, 2, 4, 8, 1, 3, 6, 1, 2, 5. அடுத்த பத்து: 1, 2, 4, 8, 1, 3, 6, 1, 2, 5. அதற்கடுத்த பத்தும் அதே. நான்காவது பத்தும் அதே. நாற்பது எண்கள் வரை ஓர் எழுத்து பிசகாமல் வரும். இதைப் பார்த்துவிட்டு, தலையும் பத்து பத்தாகச் சுழல்கிறது என்று யாரும் எழுதி வைத்துவிடுவார்கள்.

2⁴⁶ வரும்போது அது உடைகிறது. வரிசைப்படி அங்கே 6 வர வேண்டும், வருவது 70368744177664. எப்படி உடைந்தது என்பதை நெருங்கிப் பார்க்க, பத்து பத்து இடம் தள்ளி நிற்பவற்றை மட்டும் எடுத்துக் கீழே கீழே எழுதுங்கள்:

64
65536
67108864
68719476736
70368744177664

64, 65, 67, 68, 70. தலை நின்ற இடத்தில் நிற்கவில்லை; ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் ஊர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. 2¹⁰ என்பது சரியாக 1000 ஆக இருந்திருந்தால் பத்து அடி போவதும் மூன்று பூஜ்ஜியம் சேர்ப்பதும் ஒன்றாகியிருக்கும், தலை அசைந்திருக்காது. ஆனால் அது 1024. அந்த இருபத்து நான்குதான் ஒவ்வொரு சுற்றிலும் தலையை இரண்டரை விழுக்காடு அளவுக்குத் தள்ளிவிடுகிறது. முதல் இலக்கம் மட்டும் தெரிந்தால் நமக்கு 6, 6, 6, 6 என்றுதான் தெரியும். நகர்வு உள்ளே மறைந்திருக்கும். 8-க்கும் இதே கதிதான்: 8, 8192, 8388608, 8589934592, 8796093022208 என்று ஐந்து முறை தாக்குப்பிடித்து, 2⁵³-இல் 9007199254740992 ஆகிவிடுகிறது. இரண்டின் அடுக்குகளில் ஒன்பதில் தொடங்கும் முதல் எண் அதுதான்.

சரி, பத்தில் சுழலாவிட்டால் வேறு ஏதாவது நீளத்தில் சுழலுமா? சுழலாது. சுழன்றால் இரண்டின் ஏதோ ஓர் அடுக்கு சரியாகப் பத்தின் அடுக்காக இருந்தாக வேண்டும். பத்தின் அடுக்கு ஐந்தால் வகுபடும், இரண்டின் அடுக்கு ஒருபோதும் வகுபடாது. ஆகவே தலை ஊர்ந்துகொண்டே இருக்கும், பழைய இடத்தில் சரியாக வந்து உட்காராது. வாலுக்கும் தலைக்கும் இருக்கும் வேறுபாடு இங்கேதான். வாலைத் தீர்மானிக்க ஓர் இலக்கம் போதும். தலையைத் தீர்மானிக்கப் பின்னால் வரும் அத்தனை இலக்கங்களும் கூடி முன்னால் தள்ளுகின்றன. மனதில் வைத்த எண்கள் எல்லாம் கடைசியில் போய்ச் சேரும் இடம் அதுதானே.

சுழற்சி இல்லை என்பதால் ஒழுங்கே இல்லை என்று ஆகிவிடாது. இரட்டித்துக்கொண்டே போகும்போது ஓர் எண் புதிதாக ஓர் இலக்கம் கூடினால் அது கட்டாயம் 1-இல்தான் தொடங்கும். நூறுக்குக் குறைவான எதையும் இரட்டித்தால் இருநூறைத் தொடாது என்பதுதான் காரணம். அடுத்த இரட்டிப்பில் அந்த 1 போய்விடும். ஆகவே ஒவ்வோர் இலக்க நீளத்திலும் 1-இல் தொடங்கும் இரண்டின் அடுக்கு ஒன்றே ஒன்று. 2¹⁰⁰⁰ என்பது 302 இலக்க எண், அதுவும் 1-இல் தொடங்குவது. எனவே 2⁰ முதல் 2¹⁰⁰⁰ வரையுள்ள 1001 எண்களில் 1-இல் தொடங்குபவை சரியாக 302. ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது. ஒன்பது இலக்கங்களுக்கும் சமபங்கு கிடைக்கும் என்று நினைத்தவர்களுக்கு இது அதிர்ச்சி. சைமன் நியூகோம் என்ற வானியலாளர் 1881-இல், பெரிய பெருக்கல்களுக்காக அந்தக் காலத்தில் புரட்டிய மடக்கை அட்டவணைப் புத்தகங்களில், 1-இல் தொடங்கும் எண்கள் இருக்கும் முதல் சில பக்கங்கள் மட்டும் அதிகம் அழுக்கேறிக் கிடப்பதைப் பார்த்து இந்த முப்பது விழுக்காட்டுச் சங்கதியைக் கண்டுகொண்டார். 1938-இல் பென்போர்டு என்ற இயற்பியலாளர் அதைப் பல துறைத் தரவுகளில் சோதித்துக் காட்டினார். விதிக்கு அவர் பெயர்தான் நிலைத்தது. முதலில் பார்த்தவருக்குப் பெயர் கிடைக்காதது கணிதத்தில் புதிதல்ல.

உடையும் வரிசை, உடையாத வரிசை இரண்டையும் ஒரே எண்ணில் பார்க்க வேண்டுமானால் பதினொன்றை எடுக்க வேண்டும். 11, 121, 1331, 14641. இரு புறமும் ஒன்றுபோல் வாசிக்கும் எண்கள். இலக்கங்களைக் கவனித்தால் 1 1; 1 2 1; 1 3 3 1; 1 4 6 4 1. பள்ளியில் பாஸ்கல் முக்கோணம் என்று படித்தது இது. பாஸ்கலுக்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே பிங்கலரின் யாப்பு நூலுக்கு உரை எழுதிய ஹலாயுதர் இதை மேருப் பிரஸ்தாரம் என்ற பெயரில் விளக்கியிருக்கிறார்; செய்யுளில் குறிலும் நெடிலும் எத்தனை வகையாக அமையலாம் என்ற கணக்குக்காக. பதினொன்றால் பெருக்குவது என்றால் ஓர் எண்ணை ஓர் இடம் இடப்பக்கம் தள்ளி எழுதி அதோடு அதையே கூட்டுவது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்களைக் கூட்டுவதும் அதுவே, முக்கோணம் கட்டும் விதியும் அதுவே.

ஐந்தாம் அடுக்கில் என்ன ஆகிறது? முக்கோணத்தின் வரி 1, 5, 10, 10, 5, 1. ஓர் இடத்தில் 10 உட்கார முடியாது; இடப்பக்கம் வழிகிறது. 11⁵ = 161051. சமச்சீர் போயிற்று. ஆனால் வரி அழியவில்லை, நெரிசலில் மறைந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு இடம் கொடுத்தால், அதாவது 11-க்குப் பதிலாக 101-ஐ எடுத்தால், 101⁵ = 10510100501. அங்கே 1, 05, 10, 10, 05, 01 தெளிவாக நிற்கிறது.

வழிதல் எப்போதும் இடப்பக்கம் என்பதால் 11-இன் அடுக்குகளில் தலை கலைந்தாலும் வால் கலையவில்லை. முக்கோணத்தின் எந்த வரியிலும் கடைசியில் 1, அதற்கு முன்னால் அடுக்கின் எண். ஆகவே கடைசி இரண்டு இலக்கங்கள் 11, 21, 31, 41, 51, 61 என்று படி ஏறுகின்றன. 11⁶ = 1771561. 11¹³ எதில் முடியும் என்று யாராவது கேட்டால், 13-இன் கடைசி இலக்கம் 3, விடை 31.

பதினொன்று 10 + 1 என்றால் ஒன்பது 10 − 1. அங்கேயும் இதே முக்கோணம்தான், கூட்டலும் கழித்தலும் மாறி மாறி வரும். கடைசி இரண்டு இலக்கங்கள்: 09, 81, 29, 61, 49, 41, 69, 21, 89, 01. பத்தாம் இடத்தை மட்டும் வாசித்தால் 0, 8, 2, 6, 4, 4, 6, 2, 8, 0. முன்னாலிருந்து வாசித்தாலும் பின்னாலிருந்து வாசித்தாலும் ஒன்றே. ஒன்றுவிட்டு ஒன்று எடுத்தால் ரகசியம் வெளிவரும்: ஒற்றைப்படை அடுக்குகளில் 0, 2, 4, 6, 8 என்று ஏறுகிறது, இரட்டைப்படை அடுக்குகளில் 8, 6, 4, 2, 0 என்று இறங்குகிறது. 99-ஐ 100 − 1 என்று பிரித்தால் இதே ஏற்ற இறக்கம் இரண்டு மடங்கு அகலமாகத் தெரியும். கடைசி நான்கு இலக்கங்கள் 0099, 9801, 0299, 9601, 0499. ஆறாவதைப் பெருக்கிப் பார்க்காமலே சொல்லலாம்: 9401.